டைப் 1 சர்க்கரை: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயல்குடியிலிருந்து தொண்டி வரை, நடுவில் ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் தன்னார்வலர்கள் நாங்கள். மீன் ஏலம் நடக்கும் இடம், பேருந்து, பள்ளிக்கூட வாசல், ஜமாஅத் கூட்டம் என்று எங்கே நின்றாலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எத்தனை யூனிட் போட வேண்டும் என்பது மட்டும் இதில் எங்கேயும் இருக்காது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"பத்து வயசுப் புள்ளைக்கு எப்படிங்க சுகர் வரும்? மிட்டாய் நெறைய தின்னுச்சா?"

மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. அதன் பிறகு சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாக ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் உடம்புக்குள் போய்ச் சேராது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோமே, அந்தக் கதைதான்.

அம்மா கர்ப்பத்தில் இனிப்பு சாப்பிட்டதால் வந்தது, அப்பா வழியில் வந்தது என்ற பஞ்சாயத்தெல்லாம் வேண்டாம். பல வீடுகளில் பிள்ளைக்கு ஊசி ஆரம்பிக்கும் அன்றைக்கே மருமகள் மீது பழி ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது? நமக்குத் தெரியுமா?"

தெரியும். தாகம் அடங்காது, அடிக்கடி சிறுநீர் போகும், நன்றாகச் சாப்பிட்டும் பிள்ளை இளைத்துக்கொண்டே போகும், எந்நேரமும் சோர்ந்து கிடக்கும். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கும். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று அம்மாக்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிகுறிகளோடு, எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-க்கு மேல் சுகர் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

அந்தக் கட்டமும் தாண்டினால் வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு வாடை. இதைச் சாப்பாடு சேரவில்லை என்றும் குடல் வால் என்றும் நினைத்து நேரத்தைக் கடத்துவதுதான் உயிருக்கு ஆபத்து. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் "விரலில் குத்தி ஒரு தடவை சுகர் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

"எங்க அப்பத்தாவுக்கு மாத்திரையிலயே நிக்குது. புள்ளைக்கு மட்டும் ஏன் ஊசி?"

அப்பத்தாவுக்கு இருப்பது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, சரியாக வேலை செய்யவில்லை. மாத்திரை அதைத் தட்டி எழுப்புகிறது. பிள்ளைக்கு இன்சுலினே இல்லாதபோது மாத்திரை எதைத் தட்டி எழுப்பும்? வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும் என்பதால் ஊசியாகக் கொடுக்கிறார்கள்.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் இழுத்துப் பிடிப்பதைத் தவிர மருத்துவத்தில் வழி இருக்கவில்லை. "ஊசி போட்டால் கிட்னி போய்விடும்" என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறோம். கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரை. ஊசி கிட்னியைக் காப்பாற்றும் பக்கம் நிற்கிறது.

"ஊசி ஆரம்பிச்சு மூணு மாசத்துல சுகர் நார்மல் ஆயிருச்சு. நிறுத்திரலாமா?"

கூடாது. ஆரம்பத்தில் இன்சுலின் கிடைத்ததும் மிச்சமிருக்கிற கொஞ்ச பீட்டா செல்கள் ஓய்வெடுத்து மறுபடி வேலை செய்யும். அந்தச் சில வாரங்களோ மாதங்களோ ஊசியின் அளவு குறையும், சிலருக்கு ரொம்பவே குறையும். குணமாகிவிட்டது என்று நேர்த்திக்கடன் செலுத்தப் புறப்படுவதும் இந்தச் சமயத்தில்தான். கடனைச் செலுத்துங்கள், தப்பில்லை. ஊசியும் கூடவே வரட்டும். அந்த செல்களும் தீர்ந்ததும் அளவு மறுபடி ஏறும்.

காய்ச்சல், வாந்தி வந்து பிள்ளை சாப்பிடாத நாளிலும் ஊசியை முழுதாக நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன வாந்தி, வயிற்று வலி நிலைக்குப் பிள்ளைகள் மறுபடி போவது பெரும்பாலும் இப்படி நிறுத்தித்தான்.

"கருப்பட்டி நல்லதுதானே? பதநீர், நுங்கு?"

நம் ஊர் பனைக்கு நான் விரோதி இல்லை. ஆனால் கருப்பட்டி ரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டோம் என்று கருப்பட்டிக் காபி மூன்று வேளை கொடுக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறோம். பதநீரும் அப்படித்தான். இளநுங்கு ஒன்றிரண்டு பரவாயில்லை. கீழக்கரைத் தொதல் மாதிரி இனிப்புப் பண்டங்களை அறவே கூடாது என்று நாங்கள் சொல்வதில்லை. எவ்வளவு, எப்போது, அதற்கு எவ்வளவு இன்சுலின் என்று டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டுக்கொண்டு பெருநாளில் கொஞ்சம் கொடுக்கலாம்.

"மீன்?"

தாராளமாக. மீனில் மாவுச்சத்து இல்லை. கூட இருக்கிற சோற்றைத்தான் அளந்து வைக்க வேண்டும்.

"வீட்ல பிரிட்ஜ் இல்ல. படகுக்குக் கொண்டு போற ஐஸ் பெட்டில வெச்சுக்கலாமா?"

இந்தக் கேள்வியை நம் கடற்கரையில்தான் கேட்பார்கள். பதில்: வேண்டவே வேண்டாம். ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடக்கூடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க அதே மாதிரி இருக்கலாம், ஆனால் சரியாக வேலை செய்யாது. ஊசி ஒழுங்காகப் போட்டும் சுகர் 400-க்குக் கீழே இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் "குப்பியை எங்கே வைத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம்.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். பிரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைக்காமல் கதவுத் தட்டில் வையுங்கள். இல்லாதவர்களுக்கு மண்பானை. பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெயில் சூட்டிலிருந்து குப்பியைக் காப்பாற்றும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணல், மணலில் காலையும் மாலையும் தண்ணீர். குப்பியை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத் துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கடல் மணலைப் போடாதீர்கள், உப்பு பானையை அரித்துவிடும். உபயோகத்தில் இருக்கும் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்து, 4 வாரத்துக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். ஆட்டோ, பைக் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போவது, ஓட்டு வீட்டில் ஜன்னல் ஓரம் வைப்பது இரண்டுமே கூடாது.

"சிரிஞ்சுல சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடின்னு ரெண்டு இருக்கே. எதுவா இருந்தா என்ன?"

உயிர் போகிற விஷயம் இது. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். மாற்றி எடுத்தால் 10-க்குப் பதில் 4 தான் போகும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். காலை ஊசி பாட்டி கையில்தான். கண் மங்கிய பாட்டிக்குக் கோடு தெரியாது. அந்த வீடுகளுக்குப் பேனா ஊசி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்கிறோம். அதைத் திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று சத்தம் வரும், பாட்டி காதால் எண்ணிக்கொள்வார். கிடைக்காத வீட்டில், முந்தின ராத்திரி அம்மா அளவை எடுத்து வைக்கலாமா, எந்த மருந்துக்கு அது சரிப்படும் என்பதையும் டாக்டரிடம் கேட்ட பிறகே செய்யச் சொல்கிறோம்.

"லோ ஆயிருச்சுன்னா என்ன செய்றது? பயமா இருக்கு."

சுகர் 70-க்குக் கீழே போனால் லோ. வியர்வை, கை நடுக்கம், பசி, திடீர்க் கோபம், பேச்சுக் குழறல். உடனே 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு இதைவிடக் குறைவாக, டாக்டர் சொன்ன அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பாடு. மெஷின் கையில் இல்லையென்றால் சந்தேகத்தின் பேரிலேயே சீனி கொடுத்துவிடுங்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"ஸ்கூல்ல டீச்சர் பொறுப்பெடுக்க மாட்டேங்கிறாங்க."

டீச்சர் ஊசி போட வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: லோ என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும், மேசை இழுப்பறையில் ஒரு சீனி டப்பா இருக்க வேண்டும், பிள்ளை சிறுநீர் கழிக்கவோ தின்னவோ கேட்டால் வகுப்பின் நடுவிலும் விட வேண்டும். எங்களில் ஒருவர் போய் அரை மணி நேரம் விளக்கினால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கவனிக்க வேண்டியது காலை உணவுத் திட்டம். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஊசியைப் போட்டுவிட்டு "பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவான்" என்று அனுப்பினால், பஸ் தாமதமாகும் நாளில் பிள்ளை வழியிலேயே லோ ஆகிவிடும். ஊசி எங்கே போடுகிறோமோ சாப்பாடும் அங்கேயே இருக்கட்டும்.

பரீட்சைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டு போக சி.பி.எஸ்.இ. 2017-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. நீட் தேர்விலும் உண்டு. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் டாக்டர் கடிதத்தோடு தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பரீட்சை அன்று வாசலில் நின்று வாதாடினால் பிள்ளைக்குத்தான் பதற்றம்.

"இன்சுலின் இலவசமா கிடைக்குமா? அப்புறம் எதுக்குப் போராட்டம்?"

அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம்தான். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்த பிறகு முன்னைவிட அலைச்சல் குறைவு. ஆனாலும் சிக்கலான கேஸ் என்றால் மதுரைக்குத்தான். ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போய்விடும்.

போராட்டம் ஸ்ட்ரிப்புக்காக, அதாவது விரலில் குத்திச் சுகர் பார்க்கும் மெஷினில் செருகும் பட்டைக்காக. ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய 15 முதல் 25 ரூபாய். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்க்க வேண்டிய பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. பெரும்பாலும் கைக்காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் முதலில் நிற்பது ஸ்ட்ரிப்தான். குத்திப் பார்க்காமல் ஊசி போடுவது இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அளப்பது. அதனால் தடைக்காலத்துக்கு முன்பே நன்கொடையாளர்களிடம் கேட்டு ஸ்ட்ரிப் சேர்த்து வைக்கிறோம். அது எங்கள் வேலையாகவே இருந்துவிடக் கூடாது என்பதால்தான் மனுக் கொடுக்கிறோம்.

மனுவில் இரண்டைக் கட்டாயம் குறிப்பிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 ஜூனில் டைப் 1-க்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 'மிட்டாயி' என்று ஒரு அரசுத் திட்டமே இந்தப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. நம்மூரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021-இலிருந்து வாசலுக்கு வருகிறது, ஆனால் வருகிறவர் பையில் பெரியவர்களின் மாத்திரை. அதே பையில் பிள்ளையின் ஸ்ட்ரிப்பும் ஏன் வரக் கூடாது என்பதுதான் எங்கள் கேள்வி.

"மாற்றுத்திறனாளி லிஸ்ட்ல சேர்க்கணும்ங்கிறாங்களே. என் புள்ளைய ஊனம்னு சொல்லவா?"

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் அதில் இருக்கின்றன. டைப் 1 இல்லை. சேர்த்தால் உதவித்தொகை, தேர்வுச் சலுகை கேட்க வழி பிறக்கும் என்று ஒரு சாரார் நாடு முழுக்கக் கேட்கிறார்கள்.

எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு. பட்டியலில் பெயர் வந்தால் வேலைக்கு எடுக்கும்போதும் பெண் கேட்கும்போதும் அதையே சொல்லித் தட்டிக்கழிப்பார்கள் என்று பயப்படும் பெற்றோர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. என் சொந்தக் கருத்து: கேட்கலாம், ஆனால் ஸ்ட்ரிப் அதற்கு முன்னால். சான்றிதழ் வேண்டுமா என்பதைப் பதினெட்டு வயது ஆனதும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

"நவம்பர் 14-க்கு ஊர்வலம் போய் என்ன ஆகப்போவுது?"

ஊர்வலத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். அது உலக நீரிழிவு தினம், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பேண்டிங் பிறந்த நாள். நமக்குக் குழந்தைகள் தினமும் அன்றைக்கே. ஆனால் பேனர்களில் இருப்பதென்ன? "நடங்கள், சர்க்கரையை விரட்டுங்கள்." அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிற டைப் 1 பிள்ளைக்கு, தான் நடக்காததால்தான் வந்தது என்று தோன்றாதா? அதனால் அன்று பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் வாங்கி, இரண்டாவது கேள்வியில் உள்ள அறிகுறிகளைச் சொல்கிறோம். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு அம்மா தனியாக வந்து, "எங்க பையனும் இப்படித்தான் தண்ணி குடிக்கிறான்" என்பார். அதற்காகத்தான்.

"மகளுக்கு நோன்பு வைக்கணும்னு ஒரே பிடிவாதம். அவளுக்கு என்ன சொல்றது?"

நோயாளிக்கு மார்க்கமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்பதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தையே சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும். டைப் 1-க்கு நோன்பு ஆபத்தான வகையில்தான் வருகிறது. அப்படியும் வைத்தே தீருவேன் என்கிறவள் ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பகலிலும் குத்திப் பார்க்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ அந்த நிமிடமே நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

"பையன் கடலுக்குப் போகலாமா?"

டாக்டர் சரி என்றால் போகலாம், தனியாக வேண்டாம். வலை இழுக்கும்போது சுகர் மளமளவென்று இறங்கும், கரைக்கு வந்து படுத்த பிறகும் இறங்கும். படகில் இன்னும் இரண்டு பேருக்காவது லோ பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சீனியைப் பொட்டலமாகக் கொண்டு போனால் உப்புத் தண்ணீரில் போய்விடும். திருகு மூடி பாட்டிலில் போட்டு, இடுப்பில் ஒன்றும் படகில் ஒன்றும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது: இரண்டு வாரத்துக்கு இன்சுலின், சிரிஞ்சு, ஸ்ட்ரிப், சீனி எல்லாம் ஒரே டப்பாவில், வாசல் பக்கம்.

"பொண்ணுக்கு இருக்கிறதை வெளிய சொல்லாதீங்க. கல்யாணம் ஆகணும்."

நாங்கள் சொல்ல மாட்டோம். வீட்டுக்கு வரும்போது எங்கள் பேட்ஜைக் கூடக் கழற்றிவிட்டு வருகிறோம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள் மறைப்பதைப் பற்றி ஒன்று: மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் அவள் கக்கூஸுக்குள் ஒளிந்துதான் ஊசி போடுவாள், லோ ஆனால் கேட்க ஆள் இருக்காது. டைப் 1 உள்ள பெண்கள் பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சுகரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அதற்குக் கணவனுக்குத் தெரிந்தால்தான் முடியும்.

"நானும் சேரலாமா? எனக்கு மருத்துவம் ஒண்ணும் தெரியாதே."

தெரியாமல் இருப்பதே நல்லது, டாக்டர் வேலை பார்க்கத் தோன்றாது. எங்களுக்கு வேண்டியது மருத்துவமனையில் வரிசையில் கூட நிற்க ஆள், மனு எழுதத் தெரிந்தவர், மாதம் ஒரு தடவை போன் போட்டு "ஸ்ட்ரிப் இருக்கா?" என்று கேட்கிறவர். யூனிட்டைக் கூட்டு, குறை என்று சொல்லவே கூடாது. வீட்டில் மீந்த, திறந்த இன்சுலினை வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதும் இல்லை. ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடற்கரை மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகின்றன.

"பக்கத்து வீட்ல ஊசிய நிறுத்திட்டு ஏதோ சூரணம் கொடுக்கிறாங்க. சொன்னா சண்டைக்கு வர்றாங்க. என்ன செய்ய?"

சூரணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அதைத் தொட்டால் பேச்சு வைத்தியர் பக்கம் போய்விடும். "அது பாட்டுக்கு நடக்கட்டும், ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். டாக்டருக்கும் சூரணத்தைப் பற்றிச் சொல்லிவிடச் சொல்லுங்கள். டைப் 1-இல் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதை அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும், தனியாக, சத்தமில்லாமல் சொல்லுங்கள். வீட்டுக்குள் நாலு பேர் முன்னால் சொன்னால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

பிள்ளை வாந்தி எடுத்து மூச்சு வாங்கினால் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே, ஊசியும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் 1098, குழந்தைகள் உதவி எண். யார் அழைத்தது என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள்.